ஷங்ரிலாப் பள்ளத்தாக்கின் வெயில் யாருக்கு?

ஷங்ரிலா என்னும் பெயரைக் கொழும்புக் காலிமுகத்திடலில் உயர்ந்து நிற்கும் விடுதியொன்றின் பெயராகவே இலங்கை மாணவருட் பலர் அறிவர். அப்பெயர் முதலில் எந்தத் தேசப்படத்திலும் இருந்ததன்று. 1933ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹில்ரன் என்னும் ஆங்கில நாவலாசிரியர் வெளியிட்ட 'லொஸ்ற் ஹொறைஸன்' (இழந்த அடிவானம்) என்ற நாவலிலேயே அது பிறந்தது. திபெத்தை நேரிற் காணாத ஹில்ரன், குன்லுன் மலைத்தொடரின் நடுவே உலகின் கண்ணிற் படாத பள்ளத்தாக்கு ஒன்றைப் படைத்தார். அதனை நோக்கி நிற்கும் மலைச்சரிவிலே ஷங்ரிலா என்ற மடாலயத்தை அமைத்தார்.

கற்பனை நிலத்திலே புவியியலைத் தேடுவது இரசனையற்ற செயல் என்பது இத்தகைய நாவல்களைப் போற்றுவோர் வழக்கமாக முன்வைக்கும் வாதமாகும். கனவுக்குக் காலநிலை அறிக்கை எதற்கு என அவர்கள் வினவுவர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. மெய்யான நிலத்திலே மழை பொய்த்தால் அதற்கு எந்த எழுத்தாளனும் பொறுப்பல்லன். கற்பனை நிலத்திலோ ஒவ்வொரு மழைத்துளியும் ஆசிரியனின் தெரிவு. எவ்விடத்தில் வெயில் விழவேண்டும், எந்த உயிரினம் வாழவேண்டும், எவர் வயலில் இறங்கவேண்டும் என்பவற்றை அவனே தீர்மானிக்கின்றான். ஆகவே கற்பனை நிலமே கூடிய கண்டிப்புடன் விசாரிக்கப்படவேண்டியது.

ஹில்ரனின் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 12 மைல் நீளமானது. 28,000 அடிக்கு மேல் உயர்ந்த கரகல் என்னும் சிகரம் அதற்கு மேல் நிற்கின்றது. பனிமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றன. நண்பகல் வெயில் தவறாது விழுகின்றது. பலவகைப் பயிர்கள் விளைகின்றன. மெய்யான குன்லுனோ திபெத்திய மேட்டுநிலத்தின் வட விளிம்பிலுள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை இமயம் தடுத்துவிடுவதால் அங்கு வறட்சியும் கடுங்குளிருமே ஆட்சி செய்கின்றன. காட்டுக் கவரிமாவும், கியாங் எனப்படும் காட்டுக்கழுதையும், சிரு எனப்படும் திபெத்திய இரலையும் அந்தக் குளிரைத் தாங்கி வாழ்பவை.

குளிர்ந்த மலைகளின் நடுவே வெப்பமான பள்ளத்தாக்கு இருப்பது இயலாததன்று. உயரம் 1,000 மீற்றர் குறையும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு கூடும். யுன்னான் மாகாணத்திலே ஜின்ஷா, மீகொங், சல்வீன் ஆறுகள் குடைந்த ஆழ்பள்ளங்கள் பனிச்சிகரங்களின் அடியிலேயே வெம்மையுற்றுக் கிடக்கின்றன. எனவே ஹில்ரன் வெயிலைப் படைத்தார் என்பது குற்றச்சாட்டன்று. அவ்வெயிலை அவர் யாருக்குப் பங்கிட்டார் என்பதே வினா.

பள்ளத்தாக்கில் வாழும் சில ஆயிரம் மக்கள் மடாலயத்தின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள். அவர்கள் மண்ணில் உழைக்கின்றனர். மேலே மடாலயத்திலே நூலகமும் மேலைத்தேய இசைக்கருவியும் அமெரிக்காவிலிருந்து வந்த குளியற்றொட்டியும் உள்ளன. அவற்றைத் தருவிக்கும் செல்வம் பள்ளத்தாக்கின் பொன். மடாலயத்தின் தலைவரோ திபெத்தியர் அல்லர். லக்சம்பேர்க்கிற் பிறந்து 18ஆம் நூற்றாண்டில் அங்கு வந்துசேர்ந்த கத்தோலிக்கத் துறவி பெரோல்ற். அவரும் அவரைச் சார்ந்தோரும் நூறாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

இந்த நீளாயுளின் பங்கீட்டிலேதான் நாவலின் உண்மை முகம் தெரிகின்றது. ஐரோப்பிய இனத்தவரே இதற்கு மிகப் பொருத்தமானவர்கள் என்றும், திபெத்தியர் இவ்வுயரத்துக்குப் பழகிவிட்டமையால் அவர்களிற் சிலரே நூறு வயதைக் கடப்பர் என்றும் தலைவர் விளக்குகின்றார். திபெத்தியரின் உடல் உயர்நிலத்துக்கு மரபணு வழியே இயைபுற்றுள்ளதை 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் காட்டின. தலைமுறை தலைமுறையாக அந்நிலம் அளித்த பேறு அது. அப்பேற்றையே நாவல் தகுதியின்மையாக மாற்றிவிடுகின்றது. மலைக்கு உரியவன் மலையின் வரத்தை இழக்க, விருந்தினன் அதனைப் பெறுகின்றான். இது காலநிலை பற்றிய கற்பனையன்று. குடியேற்றவாதத்தின் நியாயம் காலநிலை என்னும் வேடம் பூண்டு வருவதாகும்.

தமிழ் மாணவர்க்கு இவ்விசாரணை புதிதன்று. திணைக் கோட்பாடு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தது. அந்நிலத்தின் உணவையும் விலங்கையும் மரத்தையும் பறவையையும் தொழிலையும் கருப்பொருளாக வகுத்தது. அதுவும் புனைந்த நிலமே. ஆயினும் அதில் நிலமும் உயிரும் தொழிலும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஹில்ரனின் பள்ளத்தாக்கிலோ கவரிமாவுக்கும் இரலைக்கும் பொருட்படுத்தத்தக்க இடமில்லை. உழைப்பவன் தூரத்துக் காட்சியாக நிற்கின்றான். கருப்பொருள் உதிர்ந்த நிலம் திரைச்சீலையாகவே எஞ்சும்.

இவ்வாறு புனைந்த நிலம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1998ஆம் ஆண்டின் யாங்சி வெள்ளப் பேரழிவின் பின்னர் அவ்வாற்றின் மேற்பகுதிகளில் மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது. மரத்தொழிலை நம்பியிருந்த யுன்னானின் சொங்தியன் பிரதேசம் சுற்றுலாவை நாடியது. 2001ஆம் ஆண்டில் அதன் பெயர் ஷங்ரிலா என மாற்றப்பட்டது. காடு காக்கப்படவேண்டியது, வருவாயிழந்த மக்கள் பிழைக்கவேண்டியதும் நியாயமே. ஆயினும் ஜியல்தாங் என்ற திபெத்தியப் பெயர் கொண்ட மண், தன்னைக் காணாத ஆங்கிலேயர் ஒருவரின் கனவுப் பெயரைச் சூடினாலன்றி விலைபோகாது என்ற நிலையை வெற்றி என எவ்வாறு கொண்டாடுவது?

அம்மண்ணுக்குத் தன் சொந்தச் சிறப்புகள் இல்லாமலில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,300 மீற்றர் உயரத்திலுள்ள அப்பிரதேசத்தின் நாபா ஏரிக்குக் குளிர்காலத்திலே கருங்கழுத்துக் கொக்குகள் வருகின்றன. அண்டையிலுள்ள பைமா பனிமலைக் காடுகளில், மரங்களிற் படரும் பாசிக்காளானை உண்டு சப்பைமூக்குக் குரங்குகள் வாழ்கின்றன. இவற்றுள் எதுவும் ஹில்ரனின் கொடையன்று. 2014ஆம் ஆண்டு ஜனவரியில் அங்குள்ள பழைய நகர் தீப்பற்றி, 200க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. உறைகுளிர் காரணமாகத் தீயணைக்கும் நீர் உரியவாறு கிடைக்கவில்லை எனச் செய்திகள் கூறின. நாவலின் பெயரைச் சூட்டலாம். நாவலின் வெயிலைக் கொண்டுவர முடியாது.

1929இன் பொருளாதார வீழ்ச்சிக்கும் வரவிருந்த போருக்கும் இடையே அஞ்சி நின்ற மனிதர்க்கு ஹில்ரன் ஒரு புகலிடத்தைக் காட்டினார் என்பது உண்மை. புகலிடத்தைக் கனவு காண்பது குற்றமன்று. அது யாருடைய மலையில் எழுந்தது, யாருடைய உழைப்பில் உண்கின்றது, யாருக்குக் கதவடைக்கின்றது என்று கேளாது மயங்குவதே குற்றம். இனிக் கற்பனைப் பள்ளத்தாக்கு ஒன்றினுள் நுழையும் வாசகர், அதன் அழகை வியக்குமுன் அதன் வயலில் நிற்பவனின் ஆயுளைக் கேட்டறிவாராக.