கெம்னிட்ஸில் ஒரு செவ்வாய்க்கிழமை

போன மாதம் ஆர்.கே. புரம் மலை மந்திரில் சஷ்டி அபிஷேகம் முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தபோது, பழைய காலனித் தோழி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெண் பி.டெக். கடைசி வருஷம். "ஜெர்மனிக்கு அனுப்பலாம்னு இருக்கோம். அங்க படிப்பு ஃப்ரீயாமே? உன் பையனும் ஃப்ரீயாத்தானே படிக்கிறான்?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். மெட்ரோ ஏறி மயூர் விஹார் வந்து சேரும்வரை அந்த ஆமாம் உறுத்திக்கொண்டே இருந்தது. படியில் நின்று சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன்.

அவள் கேட்டதில் தவறில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை இன்றும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 குளிர்காலம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ கேட்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. மற்ற இடங்களில் செமஸ்டர் கட்டணம் என்று சில நூறு யூரோதான். தில்லியில் ஒரு நல்ல தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ப்பதற்கு இதைவிட அதிகமாகும். அதனால்தான் 2023-24 குளிர்கால செமஸ்டரில் 49,483 இந்திய மாணவர்கள் அங்கே படித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களைத் தாண்டி நம் பிள்ளைகளே அங்கு முதலிடம். அவர்களில் பெரும்பாலோர் பொறியியல்.

ஆனால் அந்த ஃப்ரீக்கு முன்னால் ஒரு வருஷம் இருக்கிறது. கஸ்தூர்பா காந்தி மார்கில் மாக்ஸ் முல்லர் பவனில் வார இறுதி ஜெர்மன் வகுப்பு. 2022 நவம்பரிலிருந்து கட்டாயமாகிவிட்ட ஏ.பி.எஸ். சான்றிதழ், அதாவது நம் மதிப்பெண் பட்டியல் உண்மையானதுதான் என்று அவர்கள் சரிபார்த்துக் கொடுக்கும் தாள். பிறகு ப்ளாக்டு அக்கவுண்ட். ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தை முன்னாலேயே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிவிட வேண்டும், மாதாமாதம் ஒரு பங்குதான் வெளியே வரும். என் மகன் 2023-இல் போனபோது அது 11,208 யூரோ. என் கணவரின் பி.எஃப்.பில் பாதி அதற்குப் போயிற்று. அடுத்த வருஷம் விசா நீட்டிக்க வேண்டிய நேரத்தில் தொகையை 11,904 ஆக ஏற்றிவிட்டார்கள். மாதத்துக்கு 992 யூரோ கையில் உண்டு என்று மறுபடியும் காட்ட வேண்டும். இந்தத் தடவை பி.எஃப். இல்லை. அவன் வேலை பார்த்துச் சேர்த்திருந்தான். எப்படிச் சேர்த்தான் என்று நான் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

2024 நவம்பரில் மூன்று வாரம் அவனோடு கெம்னிட்ஸில் இருந்தேன். ஜெர்மனியின் கிழக்கே, சாக்ஸனி மாநிலத்து ஊர். 1953-லிருந்து 1990 வரை அதற்குக் கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர். நடு ஊரில் மார்க்ஸின் தலை மட்டும், ஏழு மீட்டர் உயரத்துக்கு, 40 டன் வெண்கலத்தில் நிற்கிறது. நெசவும் நெசவு இயந்திரமும் செய்து பெரிதான ஊர் என்பதால் சாக்ஸனியின் மான்செஸ்டர் என்று அழைக்கப்பட்டது. மகனோடு தங்கியிருந்த கோயம்புத்தூர்ப் பையன் இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சொந்த ஊரின் பெருமை தெரிந்தது. வாடகை குறைவு என்பதால் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள்.

அங்கே நான் பார்த்த ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன்.

காலை ஏழரைக்கு வகுப்பு. ஆறு மணிக்கு அலாரம் அடித்ததும் அவன் செய்த முதல் காரியம், எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்ததுதான். வெளியே பூஜ்யத்துக்குப் பக்கத்தில். நான் பதறிப்போனேன். "அஞ்சு நிமிஷம்மா. தினம் ரெண்டு மூணு தடவை தொறக்கணும். இல்லேன்னா சுவர்ல பூஞ்சை வந்துடும், அட்வான்ஸ்ல பிடிச்சுப்பாங்க" என்றான். வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. நம் சமையலின் நீராவிக்கு இரண்டு மடங்கு திறக்க வேண்டும் போலிருக்கிறது. தில்லிக் குளிர் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும், ஜனவரியில் ரஜாய்க்குள்ளிருந்து கையை நீட்டவே மனம் வராது. அங்கே குளிரை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறார்கள், இந்த ஐந்து நிமிடம் தவிர. மாவு புளிக்கவைக்க நான் இங்கே பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றுவேன். அவன் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, ராத்திரி அதில் மாவுப் பாத்திரத்தை வைக்கிறான். காலையில் இட்லி நன்றாகவே வந்தது.

ஏழு மணிக்கு இருட்டிலேயே கிளம்பினோம். பேராசிரியரிடம் அனுமதி கேட்டுக் கடைசி வரிசையில் என்னை உட்காரவைத்தான். தொண்ணூறு நிமிடப் பாடம். வருகைப் பதிவு கிடையாது. வந்தாயா, ஏன் வரவில்லை என்று கேட்கிறவர் யாரும் இல்லை. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். அதுதான் அங்கே கைதட்டு. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பிறகு ஆய்வுக்கூடத்தில் ஹிவி வேலை. பேராசிரியரின் குழுவுக்கு உதவி செய்யும் மாணவர் வேலையை அப்படித்தான் சொல்கிறார்கள். கலவைப் பொருள் பட்டைகளை இயந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுத்து, எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். மதியம் மென்ஸா என்கிற பல்கலைக்கழக உணவகத்தில் மூன்று யூரோ சொச்சத்துக்குச் சாப்பாடு. உருளைக்கிழங்கும் ஏதோ ஒரு காய்கறிக் குழம்பும். இரண்டு மணிக்கு இன்னொரு வகுப்பு. நான்கு மணிக்கெல்லாம் திரும்பவும் இருட்டு. நூலகம். வழியில் ஒரு கடையில் காலி பாட்டில்களை இயந்திரத்துக்குள் போட்டான், பாட்டிலுக்கு 25 சென்ட். அந்தச் சீட்டோடு போய் ரொட்டியும் தயிரும் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை கடையே கிடையாது என்பதால் அவன் வாரம் சனிக்கிழமை மாலையோடு முடிந்துவிடுகிறது.

வீட்டு வாசலில் தபால் பெட்டி. ஜெர்மனி இன்னும் கடிதத்தில் நடக்கிற நாடு. பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் வங்கி அட்டைகூடத் திரும்பிப் போய்விடும். அன்று வந்தது ஒலிபரப்புக் கட்டணக் கடிதம். டி.வி. இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 6.12. மருத்துவக் காப்பீடு 120 யூரோவுக்கு மேல். இதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தான். இங்கே இருந்தவரை மின்சார பில் எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

ஹிவி போதாது. வெள்ளி, சனி இரவுகளில் லைப்சிக் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான். வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு முழு நாளாக 140, அரை நாளாக 280 வேலை செய்யலாம் என்று 2024 மார்ச்சில்தான் வரம்பைக் கூட்டியிருந்தார்கள். ஹிவி வேலை அந்தக் கணக்கில் சேராது. அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. வாரம் இருபது மணி நேரம் உழைத்தால் மாதம் ஆயிரம் யூரோவைத் தொடலாம். அந்த ஆயிரத்தில் வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் பிடித்துத்தான் விசா நீட்டிப்புக்குக் காட்டியிருக்கிறான். பெட்டி தூக்கிய ராத்திரிகளை என்னிடம் போனில் ஒரு தடவையும் சொன்னதில்லை. இங்கே நான் படுக்கப்போகும் நேரம் அவனுக்கு மாலை ஆறு மணி. அந்த நாலரை மணி நேர வித்தியாசத்துக்குள் பிள்ளைகள் எவ்வளவோ மறைத்துவிடலாம்.

அப்படி மறைத்த இன்னொரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் அடுத்த ஃப்ளாட் பையன் ஒருவன் சமையலறைக்கு வந்தான். காஜியாபாத் பக்கம் வீடு. நான் ரசம் வைத்திருந்தேன். இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியில் மெதுவாகச் சொன்னான்: "ஆன்ட்டி, நான் பிப்ரவரியில் ஊருக்குப் போகிறேன்." லீவுக்கா என்று கேட்டேன். இல்லை என்றான். ஒரு பாடத்தில் மூன்றாவது முறையும் தேறவில்லை.

அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் போனால் படிப்பிலிருந்தே பெயர் நீக்கம். பெரும்பாலும் அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடரவும் முடியாது. நம் ஊரைப் போல இன்டர்னல் மார்க் கிடையாது, செமஸ்டர் முழுவதற்கும் கடைசியில் ஒரே தேர்வு. அரியர் என்ற சொல்லோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆகிறது. மதிப்பெண்ணே தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. இவனுக்கு மூன்று முறையும் 5.0. கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் தேர்வு எழுதியதும் உண்டாம்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது. இரண்டரை வருஷத்தில் அவன் வாழ்க்கையில் நடந்ததிலேயே பெரிய விஷயம், அவனைப் பெற்றவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவன் பயந்ததும் திட்டுக்கு அல்ல. முன்பொரு தடவை ஒரு தேர்வில் தவறியபோது வீட்டில் யாரோ, ஆறுதலாகத்தான், சொன்னார்களாம்: "ஃப்ரீ படிப்புதானே, என்ன போச்சு?" அதைச் சொல்லும்போதுதான் அவனுக்குக் கண் கலங்கியது. தூக்கிய பெட்டிகளும், இருட்டில் போய் இருட்டில் வந்த நாட்களும், இருபத்து நான்கு வயதும் அந்தக் கேள்விக்குள் இல்லாமல் போய்விட்டன. எனக்கு அவனை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அணைத்துக்கொண்டேன்.

அதனால்தான் அந்த ஃப்ரீ என்ற சொல்லை இனி என் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றவர்கள் கட்டாத பணத்தைப் பிள்ளைகள் மணிக்கணக்கில் கட்டுகிறார்கள். கட்டட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. என் மகன் அங்கே போய் ஆளானான் என்பது உண்மை. கட்டுகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போவது புதிதும் அல்ல. ஜாகிர் ஹுசைன் 1920-களில் பெர்லினில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். அங்கே காவியானி அச்சகத்தில் காலிப்பின் திவானை அச்சிட்டபோது, ஆள் கிடைக்காமல் தானே எழுத்துக் கோத்தார் என்பார்கள். 1926-இல் திரும்பி வந்து, அப்போது கரோல் பாகில் தள்ளாடிக்கொண்டிருந்த ஜாமியா மில்லியா கல்வி நிலையத்தைத் தோளில் தாங்கினார். பின்னாளில் குடியரசுத் தலைவர். அவரை பெர்லினில் அறிந்திருந்த கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்ற ஜெர்மன் யூதப் பெண்மணி பிறகு ஜாமியாவுக்கே வந்து குழந்தைகளுக்குக் கற்பித்து, 1943-இல் இங்கேயே இறந்தார். ஜாமியா இப்போது இருக்கும் ஓக்லா பக்கம் போகும்போதெல்லாம் இருவரும் அந்த மண்ணில்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அனுப்ப நினைக்கிறவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது மொழியைப் பற்றி. 2024 அக்டோபரில் அன்றைய சான்சலர் ஷோல்ஸ் தில்லிக்கு வந்து, திறன்மிக்க இந்தியர்களுக்கான விசாக்களை வருஷத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தார். கேட்க இனிமையாக இருந்தது. அதே வருஷம் டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைக்க உடன்பட்டது. கார்த் தொழிலை நம்பிப் போன பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். வேலைக்கான நேர்காணல் ஜெர்மனில்தான். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், அந்தப் பதினெட்டு மாதத்தில் உட்கார்ந்து இலக்கணம் படிக்க முடியாது. ஜெர்மன் மொழித் தேர்வின் முதல் படியான ஏ1 பாஸ் பண்ணியதும் விமானம் ஏறாதீர்கள். பி1 வரைக்காவது தில்லியிலேயே, அம்மா சமைத்துப் போடும்போதே, படித்துவிடுங்கள். அங்கே அதற்கான மணி நேரம் கிடைக்காது. என் மகன் இப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டே ராத்திரி பி2 படிக்கிறான்.

தோழிக்குப் போன் செய்து இத்தனையும் சொன்னேன். சனிக்கிழமை பெண்ணை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கொத்துமல்லி அடையும் காபியும் கொடுத்துவிட்டு, மகனுடைய அந்தச் செவ்வாய்க்கிழமையை மறுபடி சொன்னேன். காஜியாபாத் பையனைப் பற்றியும், பெயர் சொல்லாமல், சொன்னேன். அந்தப் பெண் வாடகை, விசா எதையும் கேட்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஆன்ட்டி, மூணாவது தடவையும் ஃபெயிலானா அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள்.

அவள் அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.