ஸ்டெம் செல் சிகிச்சைக்கு முன்னாடி இந்தப் புழுவைப் பத்திக் கேளுங்க

வீட்ல யாருக்காவது ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைன்னு முடிவாயிருக்கா? அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான்.

பாக்டீரியா, பூஞ்சை பத்தி எல்லாரும் கேக்குறாங்க. ஒட்டுண்ணி பத்தி யாரும் கேக்குறதில்ல.

ஸ்ட்ராங்கிலாய்டஸ்னு நூலை விட மெல்லிசான ஒரு குடற்புழு. மலம் கலந்த மண்ணுல வெறுங்காலோட நடந்தா தோல் வழியா ஏறிடும். மத்த புழுக்கள் சில வருஷத்துல செத்துப்போகும். இது உடம்புக்குள்ளயே பெருகிப் பல பத்தாண்டு தங்கும். இரண்டாம் உலகப்போர்ல சயாம் மரண ரயில் பாதை போட்ட போர்க்கைதிகள் சிலருக்கு 30 வருஷம் கழிச்சும் இது இருந்துச்சு. (மலாயா தோட்டத் தமிழர்களும் அங்க வெறுங்காலோட உழைச்சவங்கதான். அது தனி த்ரெட்.)

எதிர்ப்பு சக்தி இருக்கிறவரை அடங்கிக் கிடக்கும். மாற்று சிகிச்சைக்கு அப்புறம், முக்கியமா ஸ்டீராய்டு கொடுக்கும்போது, கட்டுமீறிப் பெருகும். குடலைத் துளைச்சு நுரையீரலுக்குப் போகும். குடல் பாக்டீரியாவையும் ரத்தத்துல சேர்த்துவிடும். பார்க்க சாதாரண செப்சிஸ் மாதிரியே இருக்கும். இந்தக் கட்டத்துல மருந்து கொடுத்தும் பலரைக் காப்பாத்த முடியறதில்ல.

என் கருத்து: தமிழ்நாட்டுல மாற்று சிகிச்சைக்குப் போற ஒவ்வொருத்தருக்கும் இந்தப் புழுவுக்கான ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை கட்டாயம் ஆகணும். ஒருதடவை மலப் பரிசோதனை போதாது, சுலபமா தப்பிச்சிடும். பள்ளிக்கூடத்துல கொடுக்கிற ஒரு அல்பெண்டசோல் மாத்திரையும் இதுக்குப் பத்தாது. சரியான மருந்து ஐவர்மெக்டின். ஆமா, கொரோனா காலத்துல தேவையே இல்லாம வாங்கி முழுங்கினோமே, அதேதான்! தேவைப்படுறவங்களுக்குக் கொடுக்க மட்டும் ஏன் தயக்கம்? ஆனா நீங்களா வாங்கிப் போடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

"சின்ன வயசுல வயல்ல வெறுங்காலோட நடந்திருக்கேன்" - இதை அவர் கேக்காட்டியும் சொல்லுங்க.

அடுத்து தண்ணி. எங்க வானகரம் பக்கம் பாதி வீட்ல லாரித் தண்ணி, மீதி கேன் தண்ணி. கிரிப்டோஸ்போரிடியம்ங்கிற ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்ல. 1993ல அமெரிக்காவோட மில்வாக்கி நகரத்துல குழாய்த் தண்ணி வழியா சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது இதனாலதான். நமக்கு பெரும்பாலும் ஒன்னு ரெண்டு வாரத்துல தானா நின்னுடும், இவங்களுக்கு அதைத் தாண்டியும் நிக்காது. கேன் தண்ணியா இருந்தாலும் நல்லாக் கொதிக்க வெச்சு ஆறவெச்சுக் கொடுங்க. பல் தேய்க்கவும் அதே தண்ணிதான்.

டிஸ்சார்ஜ்ல கோட்ரைமாக்சசோல் எழுதியிருந்தா "மாத்திரை ஜாஸ்தியா இருக்கு"ன்னு நிறுத்திடாதீங்க. டாக்ஸோபிளாஸ்மாவைத் தடுக்கிறதே அதுதான். அரைவேக்காட்டுக் கறி வேண்டாம். பூனை மலத்தை வேற யாராவது அள்ளட்டும்.