பாலாற்றங்கரை வெயிலும் பதனிடுவோர் கடனும்

நீரில்லா ஆறும் மரமில்லா மலையும் வேலூரின் அடையாளங்கள் என்று நகையாடுவது பழைய வழக்கு. குறைவில்லாத வெயிலும் அங்குண்டு என்பதை நகையாடுவோரும் மறுப்பதில்லை. சித்திரையில் நாற்பது பாகையைத் தாண்டிக் காயும் அவ்வெயிலைத் தமிழன் பழித்தானேயன்றிப் பணிகொண்டானல்லன்.

வெயிலைப் பணிகொள்ளும் வழி புதியதன்று. பம்பாயில் வாழ்ந்த வில்லியம் ஆடம்சு என்னும் ஆங்கிலேயர், ஆடிகளால் கதிரைக் குவித்து நீராவிப் பொறியை இயக்கிக் காட்டி, 1878இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். 1913இல் பிராங்கு சூமன் என்னும் அமெரிக்கர் கெய்ரோவின் அருகே நீண்ட ஆடித்தொட்டிகளை நிறுவி, நைல் ஆற்று நீரை வயலுக்கு இறைத்தார். இன்றைய ஆடி மின்னிலையமும் அவ்வழியதே. வளைந்த ஆடிகள் கதிரை ஒரு குழாயின்மேல் குவிக்கின்றன. குழாயினுள் ஓடும் எண்ணெய் ஏறத்தாழ 390 பாகை செல்சியசு வரை சூடேறி நீரை ஆவியாக்குகிறது. ஆவி சுழலியைச் சுழற்ற, மின்னாக்கி மின்னைத் தருகிறது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி செய்யும் வேலையை இங்கே ஞாயிறு செய்கிறது. அவ்வளவே!

இராசத்தானத்தின் நோக்கு என்னும் ஊரில் 2013இல் 50 மெகாவாட்டு ஆடி மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. வடவேங்கட மலையில் 2002இலேயே 106 குழியாடிகள் நீராவி எழுப்பி, நாளொன்றுக்குப் பதினையாயிரம் பேருக்குச் சோறாக்க அமைக்கப்பட்டன. கொதிகலன் வனையும் தொழில் திருச்சியில் உண்டு. அதன் துணைக்கருவிகளைச் செய்யும் பெல் தொழிலகம் பாலாற்றங்கரை இராணிப்பேட்டையிலேயே உண்டு. கைவன்மை இங்கிருந்தும் கருத்து இங்கில்லை.

'ஒளிமின் பலகை மலிந்துவிட்டது; ஆடி எதற்கு?' என்பர் சிலர். மின் ஒன்றே வேண்டுமாயின் அவர் கூற்று முற்றும் சரி. முகில் மறைத்த ஒளியை ஆடியாற் குவிக்கவியலாது. புழுதி படிந்தால் கழுவ நீரும் வேண்டும். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிலுக்கு வேண்டுவது மின் மட்டுமன்று, வெப்பமும் ஆகும். இவ்வேறுபாட்டை எண்ணாதார் கணக்கு அரைக்கணக்கே.

பச்சைத்தோல் கெடாதிருக்க இட்ட உப்பு, தோலை ஊறவைக்கும் நீரிற் கரைந்து கழிவாகிறது. அக்கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கொடுமையை 1996இல் உச்ச வழக்குமன்றம் கண்டித்து, கெடுத்தவரே ஈடு செய்க என்று தீர்த்தது. 2025 சனவரி 30இல் அம்மன்றம் மீண்டும் இழப்பீட்டுக்கும் ஆற்றின் மீட்புக்கும் ஆணையிட வேண்டியதாயிற்று. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் தூய்மிக்க, உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். அதற்குக் கொதிகலன் வேண்டும். கொதிகலனுக்கு விறகு வேண்டும். ஆற்றைக் காக்க மரத்தை எரிப்பதோ? செலவுக்கு அஞ்சிக் கழிவைத் தேக்கிவைப்பதோ? 2015 சனவரி 31இல் இராணிப்பேட்டையில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளரின் உயிரைக் குடித்தது. தேக்கிவைத்த கேட்டின் விலை அது!

ஆடி எழுப்பும் நீராவி முதலில் சுழலியைச் சுழற்றி மின்னைத் தரட்டும். சுழலியை விட்டு வெளிவரும் ஆவி உப்புநீரைக் காய்ச்சட்டும். ஒரு கதிர், இரு பயன். இரவிலும் மழைநாளிலும் பழைய கொதிகலன் துணை நிற்கும். விறகு முற்றும் நீங்காது. ஆயினும் வெயில் உள்ள பொழுதெல்லாம் குறையும்.

பொதுக் கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையம் ஒன்றில் தமிழக அரசு இதனை ஆய்ந்து பார்த்தல் வேண்டும். எத்துணை நீராவி, எத்துணை மின், எத்துணைச் செலவு என்பதை ஒளிவின்றி வெளியிடல் வேண்டும். அதுவும் தமிழில் வெளியிடல் வேண்டும். கொதிகலன் அருகே வேர்த்து நிற்கும் தொழிலாளிக்குப் புரியாத கையேடு யாருக்காக? ஆடி, சுழலி, மின்னாக்கி, கொதிகலன் என்று சொற்கள் அணிவகுத்து நிற்கின்றன. தமிழிற் சொல்லில்லை என்பது சொல்ல மனமில்லாதான் சாக்கு.

வெயில் எவர் ஒப்புதலையும் வேண்டி நிற்பதன்று, தில்லியிலிருந்து வருவதுமன்று. நாள்தோறும் பாலாற்று மணலிற் கொட்டிக் கிடக்கிறது. அள்ளும் அறிவைத் தமிழர் தம் மொழியிற் பெறுவாராக! பதனிட்டுப் பொருளீட்டியோர் ஆற்றுக்குப் பட்ட கடனைத் தீர்ப்பாராக!