சோகையைக் கொளுத்தாதே! ஆலை அழுக்கைத் திருப்பிக் கேள்!

விவசாயப் பெருமக்களே!

வெள்ளாற்றுக்குத் தெற்கே, காவிரி வாய்க்கால் எட்டாத மேட்டுக்காடு நம்முடையது. செந்துறைப் பக்கம் கரும்பு போடுகிறவன் நம்பியிருப்பது கிணற்றையும் போரையும்தான். கரண்டு இலவசம். கரண்டு இருந்து என்ன, அடியில் தண்ணி இருந்தால்தானே மோட்டார் இழுக்கும்?

கணக்குப் பார்ப்போம். கரும்புக்கு மழையும் பாசனமும் சேர்த்து சுமார் 2,000 மில்லிமீட்டர் தண்ணி வேண்டும். ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர்! 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை பாய்ச்சினாலே 2 லட்சம் லிட்டர். இது அத்தனையையும் பயிரா குடிக்கிறது? முதல் மூன்று நான்கு மாதம் பயிர் மூடாத மண்ணில் வெயில் நேராக விழுந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது.

அந்த வெயிலை மறைக்கும் கூரை நம் வயலிலேயே கிடக்கிறது. அதுதான் சோகை. ஏக்கருக்கு 3 முதல் 4 டன் கிடைக்கும். வெட்டு முடிந்ததும் அதற்குத்தான் தீ வைக்கிறோம். சாம்பல்சத்து மிஞ்சும், தழைச்சத்தும் மண்ணுக்கு உயிரான கரிமச்சத்தும் புகையாகப் போய்விடும். மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், களை குறையும், மக்கினால் உரம். வருசத்துக்கு ஐந்து தண்ணி குறைந்தாலும் ஏக்கருக்கு 10 லட்சம் லிட்டர் கிணற்றிலேயே நிற்கும்.

"சோகை போட்டா தண்ணி பாயாது, எலி வரும், கறையான் வரும்" என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதனால்தான் ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் போட்டு, மறு சாலில் தண்ணி விடச் சொல்கிறோம். சாணிக்கரைசல் தெளித்தால் சீக்கிரம் மக்கும். மக்குகிற காலத்தில் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுக்கும். மறுதாம்புக் கரும்பு வெளுத்தால் கொஞ்சம் யூரியா சேர்த்துப் போட வேண்டும்.

அடுத்தது ஆலை அழுக்கு என்கிற பிரஸ்மட். அரைக்கிற கரும்பில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு இதுவாக வெளியே வருகிறது. ஏக்கருக்கு 40 டன் அனுப்புகிறவனுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை டன் வரை சேர வேண்டிய சொத்து இது! மக்க வைத்துப் போட்டால் செம்மண்ணிலும் ஈரம் தங்கும், கரிசலும் இறுகாது. பச்சையாகப் போடக்கூடாது, சூடு கரணையைக் கெடுக்கும்.

நம் மண்ணில் விளைந்தது, நம் மண்ணுக்குத் திரும்புவதுதானே நியாயம்? 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த சதத் திட்டத்தில், உயிர்வாயு தயாரிக்கும் மூலப்பொருள்களில் பிரஸ்மட்டும் ஒன்று. கேஸ் கம்பெனி கேட்க ஆரம்பித்தால் நமக்கு எது மிஞ்சும்? கேஸ் எடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எடுத்த பிறகு மிஞ்சுவதும் உரம்தான். அதிலும் கரும்புக்காரனுக்குப் பங்கு வேண்டும் என்கிறோம்.

நமது கோரிக்கைகள்:

1. பதிவு செய்த ஒவ்வொரு விவசாயிக்கும், அனுப்பிய கரும்பின் அளவுக்கேற்ப, மக்கிய பிரஸ்மட்டை ஆலைகள் இலவசமாகத் தர வேண்டும். கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியிலேயே ஏற்றிவிட வேண்டும். எறையூர் ஆலை அரசுத்துறை ஆலை. அரசு அங்கிருந்தே இதைத் தொடங்கட்டும்!

2. சோகை தூளாக்கும் இயந்திரத்தை வேளாண் பொறியியல் துறை செந்துறையில் நிறுத்தி, சிறு விவசாயிக்குக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும். ஆள் கூலி கட்டாமல்தான் நம்மவன் தீக்குச்சியைத் தேடுகிறான்.

3. சோகையைக் கொளுத்தாமல் மூடாக்குப் போடுகிறவனுக்கு ஊக்கத்தொகை வேண்டும்.

அரசும் ஆலையும் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வெட்டிலேயே ஆளுக்கு அரை ஏக்கர் கொளுத்தாமல் விடுவோம். எத்தனை நாளுக்கு ஒரு தண்ணி விட்டோம் என்று நோட்டில் எழுதி வைப்போம். அந்த நோட்டுகளோடு அரியலூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊர் ஊராகத் திரண்டு போவோம். வெறும் மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள். கணக்கோடு நிற்கும் கூட்டத்தை ஓரமாக வைக்க முடியாது!

கொளுத்த மாட்டோம்! கேட்காமல் விட மாட்டோம்!

— செயலாளர்