சிவப்பா, நீலமா? ஒரு கேசட் வில்லனின் பஞ்சாயத்து

திருவண்ணாமலையில் தீபத் திருவிழா தொடங்கிவிட்டால் கோயிலைச் சுற்றியிருக்கும் வீதிகளில் பொம்மைக் கடைகளும் களைகட்டிவிடும். பலூன், பீப்பி, தண்ணீர்த் துப்பாக்கிக்கு நடுவே, கண்ணில் சிவப்பு லைட் எரிய மிரட்டிக்கொண்டு நிற்பான் ஒரு பிளாஸ்டிக் ரோபோ. அட்டைப் பெட்டியின் படத்தில் அவன் நீலமாக இருப்பான். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு. பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். ‘எந்த கலரா இருந்தா என்ன, ரோபோதானே?’ என்பார் அப்பா. பிள்ளைக்கு அது சமாதானமே ஆகாது.

நடைபாதைக் கடை என்றால் இப்படித்தான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1984-ல் அமெரிக்காவில், பெரிய கம்பெனியின் அசல் பொம்மையிலேயே இது நடந்தது. நாற்பது வருடங்கள் கடந்தும் அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. அதற்குக் காரணமானவன் ரம்பிள். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கதையில் வரும் ஒரு குட்டி வில்லன்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பற்றி வீட்டில் இருக்கும் வாண்டுகளைக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார்கள். கார், லாரியாக மாறும் நல்ல ரோபோக்கள் ஆட்டோபாட்கள். அவர்களோடு மோதும் கெட்ட கூட்டம் டிசெப்டிகான்கள். கெட்ட கூட்டத்துக்குத் தலைவன் மெகாட்ரான். அவனுக்கு விசுவாசமான கையாள் சவுண்ட்வேவ். இந்த சவுண்ட்வேவ் எதுவாக மாறுவான் தெரியுமா? கேசட் பிளேயராக! அவன் நெஞ்சில் இருக்கும் கதவு திறந்தால் உள்ளேயிருந்து கேசட்டுகள் பாய்ந்து வெளியே வரும். வந்த வேகத்தில் ஒன்று சிறுத்தையாகும், ஒன்று பறவையாகும், ஒன்று குள்ள மனிதனாகும். அந்தக் குள்ளன்தான் ரம்பிள். ஆக, தலைவனின் கையாளுக்கும் கையாள். நம் சினிமாவில் வில்லனுக்குப் பின்னால் லுங்கியை மடித்துக்கட்டி நிற்பவருக்குச் சமமான பதவி.

கேசட் என்றால் என்னவென்றே தெரியாத தலைமுறை வந்துவிட்டது. கிரிவலம் வருகிறவர்கள் அண்ணாமலையார் பாட்டுக் கேசட் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய காலம் ஒன்று இருந்தது. பிடித்த இளையராஜா பாடல்களைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் 60 நிமிட டேப்பிலோ 90 நிமிட டேப்பிலோ பதிந்து கொடுப்பார். டேப் சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். அப்படி வீட்டுக்கு வீடு கிடந்த ஒரு சாமானுக்குள் வில்லனை ஒளித்துவைத்ததுதான் இந்தப் பொம்மையின் சாமர்த்தியம்.

யோசனை ஜப்பானுடையது. டகாரா என்ற பொம்மை கம்பெனி 1983-ல் ‘மைக்ரோ சேஞ்ச்’ என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. கேசட், கேமரா, மைக்ராஸ்கோப், துப்பாக்கி என்று வீட்டிலும் மேஜையிலும் இருக்கும் பொருட்கள் எல்லாம் ரோபோவாக மாறும். அப்போது ரம்பிளுக்கு இந்தப் பெயரும் கிடையாது, அவன் வில்லனும் இல்லை. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இந்தப் பொம்மைகளை வாங்கிக்கொண்டுபோய், கதை எழுதித் தரும்படி மார்வெல் காமிக்ஸிடம் கேட்டது. அங்கே எடிட்டராக இருந்த பாப் புடியான்ஸ்கி உட்கார்ந்து, பெரும்பாலான பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் எழுதினார். நல்லவன் யார், கெட்டவன் யார் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் முடிவானதுதான்.

ரம்பிளுக்கு அவர்கள் கொடுத்த வேலை பூமியை அதிரவைப்பது. ஆள் குள்ளம், வாய் மட்டும் நீளம். தலைவனுக்காக எந்த அழுக்கு வேலையும் பார்ப்பான். அவனுக்கு அச்சு அசலாக இன்னொருவன் உண்டு, பெயர் ஃப்ரென்ஸி. அவன் காதைக் கிழிக்கும் சத்தம் எழுப்புவான். இரண்டு பொம்மைக்கும் அச்சு ஒன்றுதான். நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கேதான் வில்லங்கமே. கடையில் விற்ற ரம்பிள் சிவப்பு, ஃப்ரென்ஸி நீலம். அதே 1984 செப்டம்பரில் டி.வி.யில் கார்ட்டூன் ஆரம்பமானது. அதில் ரம்பிள் நீலம், ஃப்ரென்ஸி சிவப்பு! மார்வெல் காமிக்ஸோ பொம்மையின் பக்கம் சாய்ந்து ரம்பிளைச் சிவப்பாகவே போட்டது. ஒரே வில்லன், ஒரே வருடம். டி.வி.யில் ஒரு நிறம், கையில் வேறு நிறம்.

‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் ஒரு எம்.ஜி.ஆர். பயந்தவர், இன்னொருவர் துணிந்தவர். சாட்டை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். இந்த இரட்டையருக்கு அந்த வசதி இல்லை. கார்ட்டூனில் இருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒரே ஆள், ஃபிராங்க் வெல்கர். அவர்களைச் சுமக்கும் சவுண்ட்வேவுக்கும், ஏன், தலைவன் மெகாட்ரானுக்கும்கூட அவர்தான் குரல். கெட்ட கூட்டத்தில் பாதி ஒரே தொண்டையிலிருந்து வந்தது என்று சொல்லலாம்.

குழப்பம் நிறத்தோடு முடியவில்லை. கார்ட்டூனில் ரம்பிளின் கைகள் இரண்டும் உலக்கை மாதிரி மாறும். அதை வைத்துத் தரையைக் குத்தினால் பூமி பிளக்கும். அதைப் பார்த்து வாய்பிளந்த பிள்ளை கடைக்கு ஓடிப்போய் வாங்கினால், பொம்மையின் கை உலக்கையாக மாறாது. கூடவே இரண்டு சின்னத் துப்பாக்கிகள் இருக்கும், அவ்வளவுதான்.

நம் ஊர் காமிக்ஸ் ரசிகர்களுக்கு இந்தத் தலைவலி வந்ததில்லை. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் புத்தகங்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். இரும்புக்கை மாயாவியின் சட்டை என்ன நிறம் என்பதை அவரவர் மனசுக்குள் தீட்டிக்கொண்டார்கள். சண்டை போட எதுவும் இல்லை.

‘ஒரு பொம்மையின் நிறத்துக்கு இவ்வளவு அலப்பறையா?’ என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1984-ல்தான், டி.வி.யில் பிள்ளைகளுக்கான விளம்பரத்துக்கு இருந்த நேரக் கட்டுப்பாட்டை அரசு தளர்த்தியது. பொம்மையை விற்பதற்கென்றே கார்ட்டூன்கள் வரிசைகட்டின. அரை மணி நேர விளம்பரம் என்று பெற்றோர் அமைப்புகள் கொதித்தன. 1990-ல் சட்டம் போட்டு, பிள்ளைகள் நிகழ்ச்சியில் விளம்பரம் வார நாட்களில் மணிக்கு 12 நிமிடம், சனி ஞாயிறில் பத்தரை நிமிடம் என்று கட்டினார்கள். கதைக்கு நடுவே வரும் விளம்பரத்தைக் கட்டலாம். கதையே விளம்பரமாக இருந்தால்? நம் வீட்டில் ‘சோட்டா பீம்’ பார்த்த பிள்ளை அதே படம் போட்ட பையும் டிபன் பாக்ஸும் கேட்டு அடம்பிடித்ததை நினைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். டி.வி.யில் காட்டியதை நம்பித்தான் பிள்ளை ஆசைப்படுகிறது. பெட்டியைப் பிரிக்கும்போது வேறு ஆள் இருந்தால், ஏமாந்தது அப்பாவின் பர்ஸ் மட்டும் இல்லை.

அன்று அழுத பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். இன்னும் இரண்டு கட்சி. ‘பொம்மைதான் முதலில் வந்தது, அதனால் ரம்பிள் சிவப்பு’ என்பது ஒன்று. ‘அசைந்ததும் பேசியதும் டி.வி.யில்தான், அதனால் நீலம்’ என்பது மற்றொன்று. எதற்கு வம்பு என்று இரண்டு பெயரையும் பிசைந்து ‘ஃப்ரம்பிள்’ என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு. ஹாஸ்ப்ரோ கெட்டிக்காரத்தனமாக இன்றுவரை தீர்ப்பே சொல்லவில்லை. ஒரு பொம்மை வரிசையில் சிவப்பு ரம்பிள், இன்னொன்றில் நீல ரம்பிள். தீவிர ரசிகர் இரண்டையும் வாங்கிவிடுகிறார். கம்பெனிக்கு இதில் என்ன நஷ்டம்?

2007-ல் மைக்கேல் பே இயக்கிய ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ சினிமா வந்தது. கேசட் காலம் அதற்குள் மலையேறிவிட்டது. படத்தில் ரம்பிளுக்கு இடமே இல்லை. ஃப்ரென்ஸி மட்டும் சிடி பிளேயராக மாறி அமெரிக்க ஜனாதிபதியின் விமானத்துக்குள் நுழைந்து ரகசியம் திருடுகிறான். தலை துண்டான பிறகும் அந்தத் தலை செல்போனாக மாறி ஊர்ந்து தப்பிக்கிறது. கடைசியில் அவன் வீசிய தகடே திரும்பி வந்து அவன் கதையை முடிக்கிறது. அவன் உடம்பு சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. மொத்தமும் வெள்ளி நிறம்.