கயிறு கட்டும் காவலர்

2007 ஏப்ரல் 25. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் காவல் வாகனத்தில் அமர்ந்திருந்த 22 வயதுப் பெண் காவலர் தலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்தவர் படுகாயத்துடன் பிழைத்தார். வாகனத்தில் எடுத்த தடயத்தில் ஒரு பெண்ணின் மரபணு இருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் எனக் கொலை, கொள்ளை, சில்லறைத் திருட்டு நடந்த பல இடங்களிலும் அதே மரபணு பதிவாகியிருந்தது. எண்ணிக்கை ஏறத்தாழ நாற்பதைத் தொட்டது. மூன்று லட்சம் யூரோ வரை வெகுமதி அறிவித்து அவளைத் தேடினார்கள்.

அப்படியொரு குற்றவாளியே இல்லை. இறந்துபோன ஓர் ஆணை அடையாளம் காணும் சோதனையிலும் அதே பெண்ணின் மரபணு தலைகாட்டியபோதுதான், 2009இல், சந்தேகம் பஞ்சுக் குச்சிகள் பக்கம் திரும்பியது. தடயத்தை ஒற்றியெடுக்கும் அந்தக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த தொழிலாளி ஒருவருடைய மரபணு அது. குச்சிகளில் கிருமிநீக்கம் முறையாக நடந்திருந்தது. ஆனால், கிருமி செத்தாலும் மரபணு அழிந்துவிடுவதில்லை. காவலரைக் கொன்றது ஒரு புதிய நாஜிக் கும்பல் என்பது 2011இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

இதில் ஆய்வகத்தின் கணக்கு எங்கும் பிசகவில்லை. கையில் கொடுத்ததை அது சரியாகப் படித்தது. மரபணு, விரல் ரேகை என்றதும் நாம் ஆய்வகத்தையே நினைக்கிறோம். வழக்கின் விதியோ பெரும்பாலும் அதற்கு முன்பே, சம்பவ இடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

1910இல் பிரான்ஸின் லியோன் நகரில் காவல் துறைக்கென ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோக்கார்டின் கருத்து இத்துறையின் அரிச்சுவடி: இரண்டு பொருட்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது இடம்பெயரும். இது கொலைகாரருக்கு மட்டுமான விதியல்ல. பதறி ஓடிவரும் அண்ணன், எட்டிப்பார்க்கும் பக்கத்து வீட்டார், செருப்போடு உள்ளே போகும் காவலர், கேமராவோடு நுழையும் செய்தியாளர் எல்லோருக்கும் அது பொருந்தும். இறந்தவர் மீது வேட்டியோ சேலையோ போர்த்துவது நம் பண்பு. அந்தத் துணியின் நூலிழையும் அதில் ஒட்டியிருந்த முடியும் உடலுக்குப் போய்விடும். உடலில் இருந்தவை துணியோடு வந்துவிடும். அழுகிற உறவினர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களை ஆறுதலாகப் பேசி விலக்கிவைக்க, முதலில் வந்து சேரும் காவலருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்றால் அது அரசின் குறை.

வேலை என்னவோ எளிமையானதுதான். கயிறு கட்டி இடத்தை மறிக்க வேண்டும். உள்ளே போய்வர ஒரே பாதை. போகிறவர் பெயரும் நேரமும் ஒரு நோட்டில். எதையும் தொடுவதற்கு முன் முழு இடத்தையும் படமெடுத்து, பிறகு நெருங்கி, கடைசியில் பொருளுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். அதன்பின் வரைபடம். ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணித்தால் புழுங்கிப் பூஞ்சை பிடித்து மரபணு சிதையும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட்டால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அது பேசும். ஒரு காகித உறைக்கு என்ன விலை இருந்துவிடப்போகிறது?

இந்த மண்ணுக்கு இது புதிய வித்தையும் அல்ல. நஞ்சைக் கண்டறியும் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் சென்னையில் 1849லேயே வந்துவிட்டது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்தபோது, படம்பிடித்துக்கொண்டிருந்தவரும் இறந்துபோனார்; அவரது கேமரா தப்பியது. அது பத்திரமாகக் கைப்பற்றப்பட்டு, படச்சுருள் கழுவப்பட்டதும் மாலையோடு நின்ற பெண் தெரிந்தாள். சிதறிய துணித்துண்டுகளையும் உடல்களின் காயங்களையும் வைத்து, குண்டு அவள் இடுப்பில் கச்சைபோலக் கட்டப்பட்டிருந்தது என்று தமிழக தடய அறிவியல் துறையின் பி.சந்திரசேகரன் விளக்கினார். தரையில் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்த கைகள் இல்லாமல் அந்த விளக்கம் பிறந்திருக்காது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டு அவகாசம். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், நிபுணர் மாவட்டத் தலைநகரிலிருந்து மலையடிவாரக் கிராமத்துக்கு வந்து சேரும்வரை அந்த இடம் உள்ளூர்க் காவலரின் பொறுப்பில்தான் இருக்கும். ஆய்வகக் கட்டடங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு, ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் கயிறு, கையுறை, காகித உறைகள் என்றும், ஆண்டுதோறும் பயிற்சி என்றும் போய்ச் சேர வேண்டும். நிபுணர் வரும்போது அவருக்குப் படிக்க ஏதாவது மிச்சமிருக்க வேண்டுமே!

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. கைதானவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மரபணு மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதற்கு முறையான பதிவு இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்புவதில் நேர்ந்த தாமதத்துக்கு விளக்கம் இல்லை. இனி மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், சேகரித்த நொடியிலிருந்து கைமாறும் விவரம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் உத்தரவிட்டது. தூக்குக் கயிற்றின் நிழலில் பல ஆண்டுகள் இருந்தவர் வெளியே வந்துவிட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்கு, கொன்றது யார் என்று 14 ஆண்டுகளுக்குப் பிறகும் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.