ஒரே ஒரு கைநாட்டு

ஜூன் 25 வந்தால் 1975 நெருக்கடி நிலையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மிசா சட்டத்தில் உள்ளே போன தலைவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும். சென்னைச் சிறையில் அடிபட்ட தி.மு.க.வின் சிட்டிபாபு உயிரையே விட்டவர். ஆனால், பள்ளிப்பட்டில் தறிக்குழியை விட்டு எழுந்து போன என் நாயனாவைப் பற்றி யாரய்யா பேசுவது?

எங்கள் வீட்டில் தெலுங்கு; அப்பா எங்களுக்கு நாயனா. 1960இல்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் சேர்ந்த ஊர். டெல்லி எங்களுக்கு ரேடியோவில் மட்டும் இருந்தது. 1976இல் அது திண்ணைக்கே வந்தது.

வந்தவர் அடுத்த தெரு வாத்தியார். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் ‘கேஸ்’ பிடித்துக் கொடுத்தால்தான் சம்பளமாம். வீட்டில் உலை ஏறவில்லை என்று அழுதார். “பிள்ளைகள் பட்டினி கிடக்குதே” என்று நாயனா முகாமுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு 31 வயது. நானும் தம்பியும் இருந்தோம். போதும் என்று நினைத்திருப்பார். புண் சீழ் பிடித்தது. மிதியை மிதித்தால் அடிவயிறு இழுக்கும். பாதி நெய்த பாவு தறியிலேயே தூசி படிந்து கிடந்தது. இரண்டு வருஷம் கழித்துத் தம்பி காய்ச்சலில் போனான். அம்மா அன்றைக்கு நாயனாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது.

இத்தனைக்கும் காரணமானவருக்கு என்ன பதவி? மந்திரியா, எம்.பி.யா? ஒரு பஞ்சாயத்து மெம்பர்கூட இல்லை. சஞ்சய் காந்தி, அன்றைய பிரதமரின் மகன், அவ்வளவுதான் தகுதி. மாருதி என்று கார் செய்ய 1970இல் அனுமதி வாங்கி, கடைசிவரை ஒரு காரைக்கூடச் சந்தைக்கு அனுப்பாதவர், நாட்டையே ஓட்ட வந்தார். முதலமைச்சர்கள் அவர் வாசலில் நின்றார்கள். டெல்லி துருக்மான் கேட்டில் வீடுகள் மேல் புல்டோசர் ஓடியது. 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன். அதில் செத்ததாக, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனுக்கு வந்த கணக்கு மட்டும் 1,774. நாயனா சாகவில்லை, அதனால் அந்தக் கணக்கிலும் இல்லை.

1977 மார்ச்சில் சஞ்சய் அமேதியில் 75,000 ஓட்டுக்கு மேல் தோற்றார். வடக்கு பழி தீர்த்தது. நாம்? அந்தக் காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கே வாரிக் கொடுத்தோம். அது போகட்டும். மிசாவில் அடிவாங்கிய தி.மு.க.வே 1980இல் அதே காங்கிரசோடு கைகோத்து மேடை ஏறியது. அடித்தவரும் அடிபட்டவரும் ராசியாகிவிட்டார்கள். அறுபட்டவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

சஞ்சயைக் கோர்ட்டு தண்டித்ததே என்பீர்கள். எதற்கு? ‘கிஸ்ஸா குர்சி கா’ என்ற சினிமாவின் பிலிமை எரித்த வழக்கில், 1979இல் இரண்டு வருஷத் தண்டனை. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. பிலிம் சுருளுக்கு வாதாட ஆள் இருந்தது. என் நாயனாவுக்கு இல்லை. 1980 ஜனவரியில் சஞ்சய் அதே அமேதியில் ஜெயித்தார். ஜூன் 23இல் அவர் ஓட்டிய விமானம் விழுந்தது. அதற்கு நான் சந்தோஷப்படவில்லை. பெற்றவள் வயிறு எதுவானாலும் எரியும். ஆனால் விபத்தை நீதி என்று என் கையில் கொடுக்காதீர்கள்.

ஷா கமிஷன் அறிக்கையே கண்ணில் படாமல் போனது. 2010இல் நம் முன்னாள் எம்.பி. இரா.செழியன்தான் தன்னிடமிருந்த பிரதியைக் கொண்டு மறுபடி அச்சில் ஏற்றினார். பக்கம் பக்கமாக ஆணைகள், அழுத்தங்கள், கெடுபிடிகள். பதவியே இல்லாதவர் எந்த ஃபைலில் கையெழுத்துப் போடுவார்? மேலே சொன்னார்கள், மேலே சொன்னார்கள் என்று எல்லாரும் மேலேயே கையைக் காட்டினார்கள்.

எங்கள் முகாமிலும் ஒரு காகிதம் நீட்டினார்கள். முழுச் சம்மதத்தோடு வந்தேன் என்று அதில் எழுதியிருந்ததாம். நாயனாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பாவத்தில் என் வீட்டுக்குத் தெரிந்த கைநாட்டு ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது.